தகரச் சட்டத்தின் நான்காவது பக்கம்

என் மகள் செல்விக்கும், அவள் பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு வந்தபோது செல்வி இரண்டு தாள்களைக் காட்டினாள். ஆஸ்பத்திரிகளுக்கும் மில்களுக்கும் காற்றுக்குழாய் அமைக்கிற உங்கள் பட்டறைத் தாள்கள்தான். ஒன்றில், சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்று போட்டிருந்தது. ஃபேன் விற்கிறவர்கள் அனுப்பிய இன்னொன்றில் அதே காற்று, சதுர மீட்டருக்கு விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று இருந்தது. "புதுசா வந்தவங்க இதுலதாம்ப்பா தடுமாறுறாங்க. நீங்க எப்படிப் போடுவீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள்.

மூன்று வரியில் முடிகிற விஷயம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். விநாடிக்கு லிட்டர் என்று இருப்பதை மணிக்குக் கன மீட்டராக்க 3.6-ஆல் பெருக்குங்கள், திரும்பி வர 3.6-ஆல் வகுங்கள். நிமிடத்துக்குக் கன மீட்டர் வேண்டுமென்றால் மணிக் கணக்கை அறுபதால் வகுங்கள். சதுர மீட்டர் இரண்டு பக்கமும் அப்படியேதான் இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்று வரியும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பிறகுதான், ஒரு குடும்பத்தின் ஒரு வருஷக் காபியைக் கெடுக்கப் பார்த்தேன். தொட வேண்டாம் என்றேனே, அந்தச் சதுர மீட்டரில்தான் விழுந்தேன். ஆகவே மீதியையும் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கத்துக் காபி எஸ்டேட் ஒன்றில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தேன். பம்பு, காபிப் பழத்தின் தோலை நீக்குகிற பல்பர், ஜீப் என்று சத்தம் போடுகிற எதுவாக இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எண்பதுகளில் ஒரு வருஷம், களத்தில் காயப்போட்ட காபி மழையில் நனைந்து வீணான பிறகு, மேனேஜர் ஒரு டிரையர் கட்ட முடிவெடுத்தார். செங்கல்லால் ஒரு காற்று அறை. அதன் தலைமேல், நான்கு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமுமாக ஓட்டைத் தகடு. தகட்டைச் சுற்றி இடுப்பளவு சுவர், முன்பக்கம் ஒரு கதவு. பக்கத்தில் புகைக்குழாயோடு விறகு அடுப்பு. அடுப்பின் சூட்டை ஒரு ஃபேன் இழுத்துக் காற்று அறைக்குள் தள்ளும். தகட்டின் மேல் தோல் நீக்கி அலசிய காபிக்கொட்டையை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினால், கீழிருந்து ஏறும் வெதுவெதுப்பான காற்று அதைக் காய வைக்கும். ஃபேனை ஓட்ட டீசல் இன்ஜின். ஆகவே அது என் தலையில் விழுந்தது.

மேனேஜரிடம் ஒரு சிறு புத்தகம் இருந்தது. சதுர மீட்டருக்கு மணிக்குத் தொள்ளாயிரம் கன மீட்டர் காற்று இருந்தால் போதும் என்று அதில் இருந்தது. ஃபேன் செய்கிற பட்டறைக்காரரோ, விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். நான் உட்கார்ந்து போட்டேன். தொள்ளாயிரம் கன மீட்டர் என்றால் ஒன்பது லட்சம் லிட்டர். அறுபதால் வகுத்தேன். பதினைந்தாயிரம். கடிதத்தை எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, சேலத்துப் பெரிய தபால் ஆபீசில் போடப் பஸ் ஏறினேன்.

கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடிந்து, அடிவாரம் தாண்டி, பஸ் நேர்ச்சாலையில் வேகம் எடுத்தபோது ஜன்னல் காற்று என் கையில் இருந்த கவரைப் பிடுங்கப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. விநாடிக்குப் பதினைந்தாயிரம் லிட்டர் என்றால் பதினைந்து கன மீட்டர். ஒரு சதுர மீட்டர் துளை வழியாக ஒவ்வொரு விநாடியும் பதினைந்து கன மீட்டர் போக வேண்டும் என்றால், அந்தக் காற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் பதினைந்து மீட்டர் உயரம் வரும். அப்படியானால் காற்று விநாடிக்குப் பதினைந்து மீட்டர் ஓடுகிறது. இந்தப் பஸ் ஓடுகிற அளவு. இந்தக் காற்றைக் கீழிருந்து ஊதினால் எங்கள் காபி அத்தனையும் மலையில் தள்ளியிருக்கிற கரடியூரில் போய் விழும்.

ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். நான் மணியை நிமிடமாக்கிவிட்டு அதற்கு விநாடி என்று பேர் வைத்திருக்கிறேன். இன்னொரு அறுபதால் வகுத்தால் இருநூற்றைம்பது. தபால் ஆபீசில் நின்றபடி புதுக் கடிதம் எழுதினேன். மேனேஜர் கையெழுத்துக்காகத் திரும்ப மலை ஏறினேன். "காலைல போட்ட கடுதாசி என்னாச்சு?" என்றார். "அதுல காத்து கொஞ்சம் அதிகமாப் போயிருச்சுங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

அன்று பிடித்த பழக்கம் இது, கண்ணுகளா. சதுர மீட்டருக்கு இத்தனை கன மீட்டர் என்று எங்கே பார்த்தாலும், அது வெறும் மீட்டர்தான். காற்று எத்தனை தூரம் நடக்கிறது என்பதுதான் அந்த எண். மணிக்குத் தொள்ளாயிரம் மீட்டர், நிமிடத்துக்குப் பதினைந்து மீட்டர், விநாடிக்குக் கால் மீட்டர். மூன்றும் ஒரே நடை. லிட்டர் வந்தாலும் பயம் வேண்டாம். எங்கள் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் மழை அளக்கிற டப்பா ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றும் அதே மாதிரிதான், கீழிருந்து மேலே பெய்கிற மழை. விநாடிக்கு இருநூற்றைம்பது லிட்டர் என்றால் விநாடிக்கு இருநூற்றைம்பது மில்லிமீட்டர். பழையபடி கால் மீட்டர். பெருக்கிய எண்ணை இப்படி ஒருமுறை நடக்கவிட்டுப் பாருங்கள். அது ஆமை மாதிரி நடந்தாலோ பஸ் மாதிரி ஓடினாலோ கடிதத்தைத் தபாலில் போடாதீர்கள்.

ஃபேன் வந்தது. மொத்தம் விநாடிக்கு இரண்டாயிரம் லிட்டர் தள்ளும். எட்டுச் சதுர மீட்டருக்குப் பங்கிட்டால் சரியாக இருநூற்றைம்பது. ஆனால் தள்ளுகிறதா என்று எப்படித் தெரியும்? காற்று அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. கால் மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலத்தில் ஒரு சாண் உயரத் தகரச் சட்டம் வெட்டிப் பற்றவைத்தேன். அடியும் இல்லாத, மூடியும் இல்லாத டப்பா மாதிரி. இப்படிப் பதினாறு வைத்தால் ஒரு சதுர மீட்டர். அதன் மேல்வாயில் உரமூட்டைக்குள் வருகிற பாலிதீன் பையைக் கட்டினேன். பையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். தொண்ணூற்று நான்கு லிட்டர் பிடித்தது. சட்டத்தைக் காபி மேல் பதித்து, சுருட்டிய பையை விட்டால், காற்று ஏறி அது எழுந்து நிற்கும். ஆறு விநாடியில் நிறைந்தால் சதுர மீட்டருக்கு விநாடிக்கு இருநூற்றைம்பது லிட்டர். எஸ்டேட்டின் முதல் சரக்கைப் போட்ட அன்று ஆறு விநாடியில் நிறைந்தது. கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் என் முதுகில் தட்டினார். சட்டத்தின் மூன்று பக்கங்களில் பச்சைப் பெயின்டால் 900, 15, 250 என்று எழுதி வைத்தேன். நான்காவது பக்கத்தில் எழுத எதுவும் இல்லை, காலியாக விட்டேன்.

முதல் சரக்கு அருமையாகக் காய்ந்தது. எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த மார்கழியில் மழை நிற்கவில்லை. மாரமங்கலத்திலிருந்து சடையன் என்பவர் வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் காபித் தோட்டம் வைத்திருப்பவர். எனக்கு மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுவேன். அவரும் அவர் சம்சாரம் பாவாயியும் பறித்து, கைப்பல்பரில் தோல் நீக்கி, அலசி வைத்த சரக்கு மொத்தமும் மழையில் காய வழியில்லாமல் வீட்டுக்குள் கிடந்தது.

"இன்னும் ரெண்டு நாள் போனா நாறிப்போயிரும் தம்பி. உங்க டிரையர்ல ஒருக்கா எடம் கெடைக்குமுங்களா?"

புளித்த காபியை நல்ல காபியோடு யாரும் சேர்க்கமாட்டார்கள். அந்த வீட்டின் ஒரு வருஷ உழைப்பு அது. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "போட்டுக் குடு. ஆனா உன் பொறுப்பு" என்றார்.

ஜீப்பில் இரண்டு நடையாகச் சரக்கு வந்தது. முந்தின நாள் மாலை வந்ததைக் கதவுக்குப் பக்கத்தில் முன்பாதியிலும், மறுநாள் காலை வந்ததைப் பின்பாதியிலும் பரப்பினார்கள். பரப்புகிற வேலையைப் பார்த்தவள் பழனியம்மா. களத்தில் காபி கிளறுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அண்ணா என்பாள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டே ஆளைக் கேலி செய்துவிடுவாள். அன்று காலை நான் இன்ஜினைக் கிளப்ப டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, "கொட்ட நொம்பப் பொடிசா இருக்குதுங்ணா, ஒண்ணு ரெண்டு கீழ விழுகுது" என்று வந்து சொன்னாள். "அடுத்த ஊட்டுச் சரக்கு, ஒரு கொட்டை கீழ போகக்கூடாது, பாத்துக்கங்க" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

நடுப்பகலில் சடையண்ணன் இன்ஜின் ஷெட்டுக்கு வந்து நின்றார். கையில் கொஞ்சம் கொட்டை வைத்திருந்தார். நீட்டினார். முகர்ந்தேன். லேசாகப் புளிப்பு வாடை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்பாதி காய்ந்துகொண்டு வந்தது. எட்டிப் பின்பாதியின் ஓரத்தில் கையை விட்டால் கொழகொழவென்று ஈரம். இன்ஜின் சரியாக ஓடுகிறது, பெல்ட் வழுக்கவில்லை, அடுப்பும் எரிகிறது. பின்பாதி என்பது இரண்டாவது நடையில் வந்த சரக்கு. எனக்கு உடனே பதில் கிடைத்துவிட்டது.

"அண்ணா, ரெண்டாவது நடையில வந்தது சரியா அலசாம வந்திருக்குதுங்க. வழவழப்பு அப்படியே இருக்குது. அது எப்படிக் காயும்?"

சடையண்ணன் என்னைப் பார்த்தார். "எஞ் சம்சாரம் மழைல நின்னு அலசுனா தம்பி. நாலு தண்ணி மாத்துனா."

"நாலு பத்தலைங்க போல."

அவர் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். செல்வி, இந்த வேலையில் நான் சொன்ன வார்த்தைகளில் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்படுவது அந்த ஒன்றைத்தான்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். முகர்ந்து பார்த்தார். "விறகை இன்னும் தள்ளு. இன்ஜினையும் கொஞ்சம் முடுக்கு. சாயந்திரத்துக்குள்ள ஈரத்தை அடிச்சிடலாம்."

சூடு ஏறினால் கொட்டையின் மேல்தோல் வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், சுவையும் போகும். அது அவருக்கும் தெரியும். பதற்றத்தில் மனுஷன் கையில் கிடைத்ததைத்தான் பிடிப்பான். "முதல்ல காத்தை அளந்து பாத்துடறேங்க சார்" என்று சட்டத்தை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், கோளாறைக் கண்டுபிடிக்க எடுக்கவில்லை. என் டிரையர்மேல் குறை இல்லை என்று எல்லோருக்கும் காட்டத்தான் எடுத்தேன்.

கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். பையை விட்டேன். மூன்றரை விநாடியில் பை விறைத்து நின்றது.

"பாத்தீங்களா. ஆறு செகண்டு ஆக வேண்டியது மூணரைல நெறையுது. காத்து வேணுங்கறதுக்கு மேலயே வருது. கோளாறு சரக்குலதான்."

பழனியம்மா கிளறுகிற பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "கூட வருதுங்களா?"

"ஆமா. கூடவே வருது."

"அது எங்கிருந்துங்ணா கூட வருது?"

"என்ன கேக்கறீங்க?"

"இல்லீங், எங்க லைன் ஊட்டுகளுக்கு ரெண்டு குழா இருக்குது. ஒரு குழாய்ல தண்ணி பீச்சிக்கிட்டு வருதுன்னா, இன்னொரு குழாய்ல ஒருத்தி வெறுங்குடத்தோட நிக்கறான்னு அர்த்தம். அதான் கேட்டேன். உங்க கணக்குல எப்படியோ."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் மண்டைக்குள் ஏதோ தட்டியது. சாக்பீஸை எடுத்து ஷெட் கதவிலேயே போட்டுப் பார்த்தேன். மூன்றரை விநாடியில் தொண்ணூற்று நான்கு லிட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் இருபத்தேழு. பதினாறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு விநாடிக்கு நானூற்று முப்பது. மணிக்கு மாற்றினால் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். மாற்றல் எல்லாம் சரிதான். ஆனால் எட்டுச் சதுர மீட்டருக்கும் இதே காற்று என்றால் மொத்தம் மூவாயிரத்து நானூறு லிட்டர் வர வேண்டும். ஃபேன் தள்ளுவதே இரண்டாயிரம்தான். இல்லாத காற்று எங்கிருந்து வரும்?

எதிர்பார்த்ததைவிடக் கெட்ட எண் வந்தால் எல்லோரும் திரும்பப் பார்ப்போம். எதிர்பார்த்ததைவிட நல்ல எண் வந்தால் சந்தோஷமாகச் சட்டத்தைக் கீழே வைத்துவிடுவோம். நான் வைக்கத்தான் இருந்தேன்.

"அந்தப் பக்கமும் வெச்சுப் பாருங்ணா" என்றாள் பழனியம்மா. இந்த முறை கேலி இல்லை.

பின்பாதிக்குப் போக வேண்டுமென்றால் பக்கச் சுவரில் ஏறி, புகைக்குழாயை ஒட்டி நகர வேண்டும். முதல் சரக்கின்போதும் நான் அங்கே போகவில்லை. அளந்தது எல்லாம் கதவுக்குப் பக்கத்தில் மட்டும்தான். ஏறினேன். சட்டத்தை வைத்துப் பையை விட்டேன். பை அப்படியே படுத்துக் கிடந்தது. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். ஒரு ஓரம் மட்டும் மெல்ல அசைந்தது.

அங்கேயே கையைக் காபிக்குள் தகடு வரை விட்டேன். விரலில் தகடு படவில்லை. சொரசொரவென்று எதுவோ பட்டது.

"பழனியம்மா, இங்க அடியில என்ன கெடக்குது?"

"கோணிதானுங்ணா."

"கோணியா? யார் போடச் சொன்னது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானுங்க. அடுத்த ஊட்டுச் சரக்கு, ஒரு கொட்டை கீழ போகக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல. இந்தப் பாதித் தகட்டுல ஓட்டை கொஞ்சம் பெருசு. இவங்க கொட்டையோ பொடிசு. அதான் கோணியக் கிழிச்சு விரிச்சு, ஓரமெல்லாம் மடிச்சு, ஒண்ணு விழாதபடி போட்டோம். நொம்பப் பாத்துத்தாங்க போட்டோம்."

தகடு இரண்டு துண்டு. ஒன்று ஃபேனோடு வந்தது. மற்றது, அந்தத் துண்டு போதாமல் சேலத்தில் தனியாக வாங்கியது. அதில் ஓட்டை ஒரு சுற்றுப் பெரிது. எஸ்டேட் கொட்டை பருமன் என்பதால் முதல் தடவை விழவில்லை. ஈரக் கொட்டையில் ஊறி உப்பிய கோணியின் இழைகள் காற்றின் வழியை அடைத்துக்கொண்டன. என் தாளில் இருந்தது எட்டுச் சதுர மீட்டர். மூச்சு விட்டது நான்கு. வகுத்தது சரி, பெருக்கியது சரி. எதால் வகுத்தேனோ அதைப் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பெண்கள்மேல் ஒரு குற்றமும் கிடையாது. அடுத்தவர் சரக்கு என்று அவ்வளவு பத்திரமாகப் பார்த்தார்கள். வார்த்தையைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னவன் நான்.

மேனேஜரிடம் போனேன். "சார், இன்ஜினை நிறுத்தணுமுங்க. பின்பாதியை அள்ளிட்டுக் கோணியை எடுக்கணும். ஒரு மணி நேரம் ஆகும்."

"நிறுத்துனா இருக்கற சூடும் போயிடும். அள்ளிக் குவிச்சா இன்னும் புளிக்கும். அதுக்குப் பதிலா விறகு..."

"விறகு போட்டாச் சூடெல்லாம் முன்பாதிக்குத்தானுங்க போகும் சார். நல்லா இருக்கறதும் கெட்டுரும். பின்பாதிக்கு வழியே இல்லைங்க."

"ஒரு மணி நேரத்துல முடியலைன்னா?"

"கெட்டுப்போச்சுன்னா என்னாலதான்னு நானே சடையண்ணங்கிட்டச் சொல்லிடறேங்க சார். எப்படியும் சொல்லத்தான் போறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நிறுத்து."

இன்ஜினை நிறுத்தியபோது மலை முழுக்க அமைதியானது போல இருந்தது. மழைச் சத்தம் மட்டும். சுவரோரம் உட்கார்ந்திருந்த சடையண்ணன் எழுந்து நின்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். அவரிடம் போய், "அண்ணா, உங்க சரக்குல தப்பில்லைங்க. என் டிரையர்லதான் தப்பு. அக்கா அலசுனதைக் குத்தம் சொன்னது என் தப்பு" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையை எடுத்தார்.

ஒன்பது பேர் அள்ளினோம். குவிக்க விடவில்லை, தார்ப்பாய் போட்டு, ஷெட் தரை முழுக்கக் கை கனத்துக்கும் குறைவாகப் பரப்பினோம். கோணிகளை உரித்து எடுத்தபோது அடியில் தகட்டின் ஓட்டைகள் சிலவும் அடைத்திருந்தன. தென்னந் துடைப்பக் குச்சியால் குத்திக் குத்தித் திறந்தார்கள். "அப்ப விழற கொட்டைக்கு என்ன பண்றதுங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். பழனியம்மாவே பதில் சொன்னாள்: "காத்து ரூமைச் சுத்தமாக் கூட்டித் தொடைச்சு விட்டுருவோம். விழறது விழட்டும். காஞ்சப்புறம் உள்ள போயி ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் குடுத்துரலாம். கோணி போட்ட கையி, பொறுக்காதா?" அவளே குனிந்து உள்ளே நுழைந்து தரையைத் துடைத்தாள்.

சொன்ன ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே இன்ஜின் திரும்ப ஓடியது. இந்த முறை நான் சட்டத்தை எட்டு இடத்தில் வைத்தேன். முன்னால் நாலு, பின்னால் நாலு. முன்பாதி ஓரளவு காய்ந்திருந்ததால் ஐந்தரை விநாடி. பின்பாதி ஆறரை. பழனியம்மா ஒவ்வொரு தடவையும் கூடவே எண்ணினாள். எட்டாவது பை எழுந்து நின்றதும், "இப்ப ரெண்டு குழாயிலயும் தண்ணி வருதுங்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வரை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்பாதியின் அடியிலிருந்து ஒரு கை எடுத்துச் சடையண்ணனிடம் கொடுத்தேன். தோலை நகத்தால் உரித்து, கடித்து, முகர்ந்து, இன்னொரு முறை முகர்ந்தார். புளிப்பு ஏறுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம். அவர் கொட்டையைக் கீழே போடாமல் மடியில் போட்டுக்கொண்டார்.

"நல்லாருக்குது தம்பி" என்றார். பிறகு, "ஆனா நேத்துச் சொன்னீங்களே, தப்பு உங்களுதுன்னு. அதை எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. நேத்து நடுமத்தியானமே ஊருக்குப் போற ஜீப்புல, சரியா அலசலையாமான்னு அவளுக்குச் சொல்லி அனுப்பிச்சுட்டேன். வந்து அவகிட்டச் சொல்லுங்க."

அடுத்த வார லீவு நாளில் மாரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு துணிப்பையில், காற்று அறையிலிருந்து பொறுக்கிய கொட்டை, அரைப்படி இருந்தது. இன்னொரு கையில் தகரச் சட்டம். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று காட்டினால் புரியவைக்க எளிது என்று நினைத்தேன்.

பாவாயி அக்கா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை. "காபிதான் வந்து சேந்துருச்சுங்களே. இன்னும் என்னுங்க?"

சொன்னேன். கோணியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அரைப்படிக் கொட்டையைக் கொடுத்தேன். அவர் பையை வாங்கி உள்ளே பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். பிறகு சட்டத்தைக் காட்டி, "அதென்னுங்க எழுதியிருக்குது? எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

"இது மணிக்கு எவ்வளவு காத்துன்னு, இது நிமிஷத்துக்கு, இது விநாடிக்குங்க அக்கா."

"மூணும் வேற வேற காத்துங்களா?"

"இல்லீங்க. மூணும் ஒரே காத்துதான்."

முறம் நின்றது. "ஒரே காத்துக்கு மூணு விதமாக் கணக்குப் போட்டு எழுதி வெச்சிருக்கறீங்க. நான் மழைல நின்னு நாலு தண்ணி மாத்துனேன். அதை ஒரு வெதமாவும் விசாரிக்க உங்களுக்கு நேரமில்லையுங்களா சாமி?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவரே, "நின்னுட்டே இருந்தா எப்புடி, உக்காருங்க" என்றார். உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் தோட்டத்துக் காபிதான். நான் குடிக்கும்போது சட்டத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் காலியாக் கெடக்குதே."

"அதுல எழுத ஒண்ணும் இல்லைங்க அக்கா."

"ஏனில்லை? அந்தப் பழனியம்மா சொன்னாளாமா, அதை எழுதுங்க."

ஊர் திரும்பியதும் அதே பச்சைப் பெயின்டால் எழுதினேன். பிறகு அந்த டிரையரில் எத்தனையோ சரக்குக் காய வைத்தேன். ஃபேன் மாறியது, தகடு மாறியது, கடைசியில் டீசல் இன்ஜின் போய்க் கரண்ட் மோட்டாரும் வந்தது. சட்டம் மட்டும் மாறவில்லை. இப்போது செல்வியிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்களிடம் நல்ல கருவிகள் இருக்கும், இது தேவைப்படாது. இருந்தாலும் பட்டறைச் சுவரில் எங்காவது மாட்டி வையுங்கள். 900, 15, 250 என்ற மூன்று பக்கங்களும் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. அவற்றை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நான்காவது பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். அதில் எழுதியிருப்பது: அந்தப் பக்கமும் வை.